சாலை வருமுன் கேட்க வேண்டிய கேள்வி

சாலை இல்லாத ஊரில் வாழ்ந்தவர்களுக்கே சாலையின் அருமை நன்கு தெரியும். பேறுகால வேதனையில் துடிக்கும் பெண்ணைக் கட்டிலோடு சுமந்து வரப்பு வழியே ஓடியவர்களும், பாடுபட்டு விளைவித்த காய்கறி சந்தையை அடையுமுன் அழுகிப்போகக் கண்டவர்களும், "நம் ஊருக்கு ஒரு சாலை வராதா?" என்று ஏங்கியதில் வியப்பில்லை. சாலை அமைப்பதை நம் முன்னோர் அறச்செயலாகவே எண்ணினர். வழிநெடுகப் புளியும் ஆலும் நட்டனர். சுமைதாங்கிக் கல் நாட்டினர். தண்ணீர்ப் பந்தல் வைத்தனர்.

ஆயினும், வெயிலில் நடப்போருக்கு நிழல் தர மரம் நட்டுச் சாலை அமைப்பது ஒன்று. பெருங்காட்டைப் பிளந்துகொண்டு சாலை அமைப்பது மற்றொன்று. முன்னது ஊரையும் ஊரையும் இணைக்கிறது. பின்னது எதை இணைக்கிறது, எதை அறுக்கிறது?

அன்பார்ந்த வாசகர்களே, இத்திங்கள் நாம் தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டுக்குச் சென்று, அமேசான் காட்டுச் சாலைகளின் வரலாற்றைச் சற்று அறிந்து வருவோம். உலகில் கத்தோலிக்கர் மிகுதியாக வாழும் நாடு அது. ஆகவே இவ்வரலாற்றில் நம் திருச்சபையின் மக்களும் இருக்கின்றனர். காட்டை வெட்டியவர்களிடையேயும் இருக்கின்றனர், காட்டுக்காக உயிர் கொடுத்தவர்களிடையேயும் இருக்கின்றனர்.

ஆறுகளே சாலைகளாய் இருந்த காலம்

அமேசான் மழைக்காடு ஏறத்தாழ 55 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. அதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு பிரேசிலில் உள்ளது. எஞ்சியது பெரு, கொலம்பியா, பொலிவியா முதலிய அண்டை நாடுகளில் பரந்து கிடக்கிறது. நூற்றாண்டுக் கணக்காக அக்காட்டுக்கு ஆறுகளே சாலைகள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரப்பர்ப் பால் வடிக்க வந்த ஏழைத் தொழிலாளரும் ஆற்றின் வழியாகவே வந்து, ஆற்றை ஒட்டியே குடியேறினர். ஆற்றை விட்டு அகன்ற உட்காடு, அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களைத் தவிர வெளியார் எவர் கோடரிக்கும் எட்டாமல் இருந்தது.

அக்காட்டைப் பற்றிய ஓர் உண்மையை இங்கே சொல்லியாக வேண்டும். அட்லாண்டிக் கடலிலிருந்து காற்றுச் சுமந்து வரும் ஈரம் காட்டின் மீது மழையாய்ப் பொழிகிறது. மரங்கள் அந்நீரை வேரால் உறிஞ்சி, இலைகளின் வழியாக மீண்டும் வானுக்கு அனுப்புகின்றன. அவ்வீரமே மேற்கே சென்று மறுபடியும் மழையாகிறது. எனியாஸ் சலாட்டி என்னும் பிரேசில் நாட்டு அறிஞர் 1970களில் மழைநீரை ஆராய்ந்து, அங்குப் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு காடே திருப்பித் தரும் நீர் என்று மெய்ப்பித்தார். காடு மழையால் வாழ்வது போலவே, அம்மழையும் காட்டால் வாழ்கிறது. ஆகவே அங்கே காடு அழிந்தால், அழிந்த இடத்தோடு தீங்கு நிற்பதில்லை.

நிலமற்ற மக்களுக்கு மக்களற்ற நிலம்

பிரேசிலின் புதிய தலைநகரான பிரேசிலியா 1960ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அந்நகரையும் அமேசான் முகத்துவாரத்திலுள்ள பெலேம் துறைமுகத்தையும் இணைக்க, குடியரசுத் தலைவர் குபிச்செக் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நீளமுள்ள நெடுஞ்சாலையை அமைப்பித்தார். அப்பணியை முன்னின்று நடத்திய பொறியாளர் பெர்னார்டோ சயாவோ, 1959 சனவரியில் காடு வெட்டும் வேளையில் மரமொன்று தம் மீது சாய, உயிரிழந்தார். அப்பெருங்காட்டை ஊடுருவிய முதல் நெடுஞ்சாலை இவ்வாறு அதை அமைத்தவரையே காவு கொண்டு பிறந்தது.

பத்தாண்டுகள் கழிந்தன. 1970ஆம் ஆண்டில் பிரேசிலின் வடகிழக்குப் பகுதியைக் கடும் வறட்சி வாட்டியது. பசியால் வாடிய உழவர் கூட்டங்கூட்டமாய் ஊரை விட்டு வெளியேறினர். அப்போது நாட்டை ஆண்டது இராணுவம். குடியரசுத் தலைவராயிருந்த படைத்தலைவர் மெடிசி, துன்புற்றோரை நேரில் கண்டு திரும்பியதும், அமேசான் குறுக்கு நெடுஞ்சாலைத் திட்டத்தை அறிவித்தார். "நிலமற்ற மக்களுக்கு மக்களற்ற நிலம்" என்பது அத்திட்டத்தின் முழக்கமாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அல்டமிரா என்னும் ஊரருகே மாபெரும் பிரேசில் கொட்டை மரமொன்று வீழ்த்தப்பட்டது. அதன் அடிக்கட்டையில் திட்டத்தின் தொடக்கத்தைப் புகழும் வெண்கலப் பலகை பதிக்கப்பட்டது. 1972இல் சாலையின் முதற்பகுதி திறக்கப்பட்டது. அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து மேற்கே லாப்ரியா வரை 4,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அச்சாலையில் நெடுந்தொலைவு இன்றும் தார் காணாதது.

நியாயமாகப் பேசுவோம். பசித்தவனுக்கு நிலம் தருவது தீய எண்ணமன்று. குடும்பம் ஒன்றுக்கு 100 எக்டேர், அதாவது ஏறக்குறைய 247 ஏக்கர் நிலம், வீடு, கடனுதவி: இவை ஒரு கூலித் தொழிலாளி கனவிலும் காணாதவை. ஆனால் பல பெருநிலக்கிழார்களின் கையில் பரந்த நிலம் தரிசாய்க் கிடந்த நாட்டில், அதைப் பங்கிட்டுத் தர அரசுக்கு மனம் இருக்கவில்லை. நிலச் சீர்திருத்தம் செய்யத் துணியாதவர்கள் அதற்கு ஈடாகக் காட்டைக் காட்டினார்கள்.

மண் தந்த மறுமொழி

வானளாவிய மரங்கள் செழித்து நிற்கும் மண், வளமான மண்ணாகத்தான் இருக்கும் என்று வந்தவர்கள் நம்பினர். அங்கே வளம் இருப்பது பெரும்பாலும் மண்ணில் அன்று, மரத்திலேயே. உதிரும் இலையும் வீழும் கிளையும் விரைவில் மக்கி, அச்சத்து மேலோட்டமான வேர்களால் உடனே மீண்டும் உறிஞ்சப்படுகிறது. காட்டை வெட்டித் தீயிட்டால், சாம்பலின் உரத்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் நெல்லும் சோளமும் விளையும். பின்னர்ப் பெருமழை சத்தை அரித்துச் சென்றுவிடும்.

அல்டமிராவுக்கு அருகே சில இடங்களில் நல்ல செம்மண் இருந்தது. மெடிசியின் பெயரையே தாங்கிய மெடிசிலாந்தியா என்னும் ஊர், கோக்கோ விளைச்சலுக்கு இன்று பெயர் பெற்று விளங்குகிறது. ஆனால் சாலையின் பெரும்பகுதியில் அத்தகைய மண் இல்லை. மழைக்காலத்தில் சாலை சேறாயிற்று. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. மலேரியா வாட்டியது. மருத்துவமனை தொலைவில் இருந்தது. கடனோ அருகிலேயே நின்றது. ஓரிலட்சம் குடும்பங்களைக் குடியேற்றத் தீட்டிய திட்டத்தில், சில ஆயிரம் குடும்பங்களே முதல் சில ஆண்டுகளில் குடியேற்றப்பட்டன. நெடுஞ்சாலையின் பெயரையே சற்றுத் திரித்து, அதைக் "கசப்புச் சாலை" என்று அம்மக்கள் அழைக்கலாயினர்.

மீன் முள் போன்ற தோற்றம்

வானத்திலிருந்து எடுத்த படங்களில் அச்சாலைகளின் இருமருங்கும் மீன் முள்ளைப் போன்ற தோற்றம் காணப்படுகிறது. நடுவே முதுகெலும்பாய் நெடுஞ்சாலை. அதிலிருந்து இருபுறமும் சில கிலோமீட்டர் இடைவெளியில் பிரியும் கிளைச்சாலைகள். அவற்றை ஒட்டி வெட்டவெளி. ஆண்டுகள் செல்லச் செல்ல, முள்ளுக்கும் முள்ளுக்கும் இடையே எஞ்சிய பசுமையும் மறைந்துவிடுகிறது.

இது நிகழும் முறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். சாலை வந்தவுடன் முதலில் வருவது மரம் வெட்டும் லாரி. விலையுயர்ந்த மகோகனி மரத்தைத் தேடி அது காட்டுக்குள் தனக்கென ஒரு தடத்தைப் போட்டுக்கொள்கிறது. அத்தடத்தைப் பின்பற்றி நிலமற்ற ஏழை வருகிறான். வெட்டி எரித்துப் பயிரிடுகிறான். மண் சோர்ந்ததும், பணம் படைத்தவன் வந்து அந்நிலத்தை மலிவாக வாங்கிப் புல் விதைத்து மாடு விடுகிறான். ஏழையோ மேலும் உள்ளே சென்று மீண்டும் காட்டை வெட்டத் தொடங்குகிறான். நிலத்தைத் திருத்தியவனுக்கே உரிமை என்ற வழக்கம் நிலவியதால், மரம் நிற்கும் நிலம் எவருக்கும் உரியதல்ல, மரம் வீழ்ந்த நிலமே சொந்தம் என்றாயிற்று. சாலை அருகே வரவர நிலத்தின் விலை ஏறுகிறது. விலை ஏற ஏறப் போலிப் பத்திரங்களும் துப்பாக்கிகளும் பெருகுகின்றன.

2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று இதனைக் கணக்கிட்டுக் காட்டியது. பிரேசில் அமேசானில் அழிந்த காட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு, சாலையிலிருந்து ஐந்தரைக் கிலோமீட்டருக்குள்ளோ, படகு செல்லும் ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோ இருந்தது. மேலும், அரசு முறைப்படி அமைத்த சாலை ஒரு கிலோமீட்டர் என்றால், எவர் இசைவும் இன்றித் தோன்றிய சாலை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் என்றும் அவ்வாய்வு கண்டது. அரசின் வரைபடத்தில் ஒரு கோடாக இருப்பது காட்டில் ஒரு வலையாகிவிடுகிறது.

ரொண்டோனியா மாநிலம் இதற்குத் தக்க சான்று. குயாபாவிலிருந்து போர்ட்டோ வெல்லோ செல்லும் நெடுஞ்சாலை, உலக வங்கியின் கடனுதவியோடு 1984இல் தார்ச்சாலையாயிற்று. 1970இல் 1,11,000 ஆக இருந்த அம்மாநிலத்தின் மக்கள்தொகை, 1980இல் ஏறத்தாழ 4,91,000 ஆகவும், 1991இல் 11 இலட்சத்துக்கு மேலாகவும் பெருகியது. காட்டையும் பழங்குடியினரையும் காப்பதாகத் திட்டத்தில் எழுதப்பட்டிருந்த உறுதிமொழிகள் தாளிலேயே நின்றன. எதிர்ப்புக் கிளம்பவே 1985இல் உலக வங்கி பணம் வழங்குவதை நிறுத்தி வைத்தது. 1987இல் அதன் தலைவர் கோனபிள், அத்திட்டம் தவறிப்போயிற்று என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

மக்களற்ற நிலமா?

அந்நிலம் மக்களற்றது என்று முழங்கினார்களே, அது மெய்யா? அமேசான் குறுக்கு நெடுஞ்சாலை, அரரா என்னும் பழங்குடியினரின் நிலத்தை ஊடறுத்துச் சென்றது. குயாபாவிலிருந்து சாந்தாரெம் செல்லும் மற்றொரு சாலையோ பனரா என்னும் மக்களின் நிலத்தின் வழியாகச் சென்றது. 1973இல் வெளியுலகத்தார் முதன்முதலாக அவர்களை நேரில் சந்தித்தனர். சாலையோடு சளிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. அந்நோய்களை எதிர்க்கும் ஆற்றல் அவர்தம் உடலில் இல்லை. பல நூறு பேராய் இருந்தவர்களில் இரண்டே ஆண்டுகளில் எஞ்சியோர் 79 பேர். 1975இல் அவர்களை விமானத்தில் ஏற்றி, ஷிங்கு பழங்குடியினர் பூங்காவுக்குக் கொண்டுசென்றனர். சொந்த மண்ணை மறவாத அவர்கள், 1990களில் தங்கள் பழைய நிலத்தில் காடு எஞ்சியிருந்த பகுதிக்குத் திரும்பினர். அரசின் மீது வழக்கும் தொடுத்து வென்றனர். ஆனால் மாண்டவர்களை எந்தத் தீர்ப்பு மீட்டுத் தரும்?

இவற்றைக் கண்ட பிரேசில் திருச்சபை வாளாவிருக்கவில்லை. 1972இல் பழங்குடி மக்களுக்கான மறைபரப்புக் குழுவும், 1975இல் நிலமற்றோருக்கான மேய்ப்புப்பணிக் குழுவும் தோன்றின. அல்டமிராவைத் தலைமையிடமாகக் கொண்ட ஷிங்கு ஆட்சிப்பகுதியின் ஆயராக 1981 முதல் 2015 வரை பணியாற்றிய மேதகு ஏர்வின் கிராய்ட்லர், இம்மக்களுக்காகப் பேசியதால் கொலை மிரட்டலுக்கு ஆளாகிப் பல ஆண்டுகள் காவலர் துணையோடு நடமாட வேண்டியிருந்தது.

காட்டுக்காக இருவர்

ஆக்ரே மாநிலத்தில் ஷாப்புரி என்னும் ஊரில் சிக்கோ மென்டிஸ் என்ற இரப்பர்த் தொழிலாளி இருந்தார். சிறுவயது முதலே பால் வடித்து வாழ்ந்தவர். மாட்டுப் பண்ணையாளர்கள் இரம்பங்களோடு காட்டுக்கு ஆள் அனுப்பியபோது, தொழிலாளர் குடும்பங்கள் குழந்தைகுட்டிகளோடு திரண்டு, மரங்களுக்கும் இரம்பங்களுக்கும் நடுவே நின்று தடுத்தனர். போர்ட்டோ வெல்லோவிலிருந்து தம் மாநிலத்துக்கு வரும் சாலையைத் தாரிட வெளிநாட்டு வங்கி பணம் தந்தபோது, மென்டிஸ் அவ்வங்கியாரிடமே சென்று முறையிட்டார். சாலையே கூடாது என்பதன்று அவர் வாதம். சாலையின் அருகே வாழ்வோரின் காட்டுரிமையை முதலில் உறுதி செய்யுங்கள் என்றே அவர் கேட்டார். வெட்டாமல் பயன்கொள்ளும் காடாக, தொழிலாளர் பொறுப்பிலேயே காட்டை விட்டுவிடும் ஏற்பாட்டை அவரும் தோழர்களும் முன்வைத்தனர். 1988 டிசம்பர் 22ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னர், தம் வீட்டுப் பின்வாயிலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கேட்ட ஏற்பாடு 1990இல் சட்டமாயிற்று. ஏறத்தாழ 10 இலட்சம் எக்டேர் காடு இன்று அவர் பெயரால் காக்கப்படுகிறது.

மற்றவர் அருட்சகோதரி டொரத்தி ஸ்டாங். அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்தில் 1931இல் பிறந்த இவர், நோத்ரு தாம் கன்னியர் சபையைச் சேர்ந்தவர். 1966இல் பிரேசிலுக்கு வந்து வடகிழக்கின் ஏழை உழவரிடையே பணியாற்றினார். அவ்வுழவர்கள் நிலம் தேடி அமேசான் சாலை வழியே சென்றபோது, சகோதரியும் அவர்களைத் தொடர்ந்து சென்றார். அச்சாலையின் மீதுள்ள அனாப்பு என்னும் ஊரே பின்னர் அவர்தம் பணித்தளமாயிற்று.

சகோதரியின் சிறப்பு யாதெனில், ஏழையின் பசியையும் காட்டின் அழிவையும் அவர் பகைப்பொருள்களாக்கவில்லை. குடும்பம் ஒன்று தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பயிரிட்டு, எஞ்சியதைக் காடாகவே காத்து, அதன் பழத்தையும் கொட்டையையும் கொண்டு வாழக் கற்பித்தார். "நம்பிக்கை" எனப் பெயரிட்ட குடியிருப்பு அவ்வாறு உருவாயிற்று. அந்நிலத்தின் மீது கண் வைத்த பண்ணையாளர்களுக்கு அவர் இடையூறானார். 2005 பிப்ரவரி 12ஆம் நாள் காலை, மழையில் நனைந்த காட்டுப் பாதையில் உழவர் கூட்டமொன்றுக்கு நடந்து சென்ற அவரை இருவர் வழிமறித்தனர். ஆயுதம் வைத்திருக்கிறாயா என்று கேட்டவர்களுக்கு அவர் தம் விவிலியத்தையே காட்டி, அதிலிருந்து வாசித்தார் என்று கூறப்படுகிறது. அப்போது அவருக்கு வயது 73. சுட்டவர்களும் ஏவியவர்களும் பின்னர்த் தண்டனை பெற்றனர். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்காக நடந்த கொலையை நாம் கோவிலில் வாசிக்கக் கேட்டிருக்கிறோம். அது பழைய ஏற்பாட்டோடு முடிந்துவிடவில்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

இத்தனையும் படித்தபின், "சாலையே வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் நீதியாகாது. போர்ட்டோ வெல்லோவையும் அமேசான் நடுவிலுள்ள மனாவுஸ் நகரையும் இணைக்க 1970களில் ஒரு சாலை அமைத்தனர். பேணுவாரின்றி அது 1980களின் இறுதியில் சிதைந்து, பெரும்பகுதி போக்குவரத்துக்கு உதவாததாயிற்று. 2021 சனவரியில் கொள்ளைநோய் உச்சத்தில் இருந்தபோது, 20 இலட்சம் மக்கள் வாழும் மனாவுஸின் மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்தது. நோயாளிகள் மூச்சுத் திணறி மாண்டனர். ஆக்சிஜன் ஏற்றிய லாரிகள் அச்சேற்றுச் சாலையில் நாட்கணக்கில் போராடி வந்தன. அன்று உறவினரைப் பறிகொடுத்தவரிடம் போய், "காட்டுக்காகப் பொறுத்துக்கொள்" என்று சொல்ல எவருக்கு நா எழும்? அச்சாலையை மீண்டும் தாரிடலாமா கூடாதா என்ற வழக்கும் வாதமும் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. இரு தரப்பிலும் ஏழைகள் நிற்பதாலேயே அதன் முடிவு எளிதாக இல்லை.

ஆனால் கைக்கெட்டாத காரியம் அன்று என்பதையும் அண்மைக் கால அனுபவம் காட்டுகிறது. பிரேசில் அமேசானில் 2004ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 27,700 சதுரக் கிலோமீட்டர் காடு அழிந்தது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராய் இருந்தவர் மரீனா சில்வா. ஆக்ரே காட்டில் இரப்பர்த் தொழிலாளியின் மகளாய்ப் பிறந்து, 16ஆம் வயதில் நகருக்கு வந்து கன்னியர் மடத்தில் தங்கி எழுத்தறிந்தவர். மென்டிஸோடு தோள் நின்றவர். விண்கோள்களின் உதவியால் காடழிப்பை உடனுக்குடன் கண்காணித்தல், குற்றம் செய்தோர்க்குத் தண்டம், சாலைகளை ஒட்டிப் பெரும்பரப்புக் காடுகளைக் காப்புக்காடுகளாகவும் பழங்குடியினர் நிலமாகவும் அறிவித்தல் ஆகியவற்றால், 2012இல் அவ்வழிவு ஏறத்தாழ 4,600 சதுரக் கிலோமீட்டராகக் குறைந்தது. கண்காணிப்புத் தளர்ந்ததும் 2021இல் 13,000 ஆக ஏறியது. மீண்டும் இறுக்கியதும் 2024இல் ஏறத்தாழ 6,300 ஆக இறங்கியது. இக்காலம் முழுவதும் சாலைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஏறியதும் இறங்கியதும் மனிதரின் உறுதியே. மேற்சொன்ன 2014ஆம் ஆண்டு ஆய்வும், சாலையருகே இருந்தும் சட்டத்தின் காப்புப் பெற்ற காடுகளில் அழிவு மிகக் குறைவு என்று கண்டது.

காலம் அதிகம் இல்லை. அமேசான் காட்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது. நான்கில் ஒரு பங்கை எட்டுமுன்னரே, எஞ்சிய காட்டின் பெரும்பகுதி தன் மழையைத் தானே வருவித்துக்கொள்ளும் ஆற்றலை இழந்து, புல்வெளியாய் மாறத் தொடங்கலாம் என்று அறிஞர் லவ்ஜாயும் நோப்ரேயும் 2018இல் எச்சரித்தனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 அக்டோபரில் அமேசான் ஆயர்களை உரோமைக்கு அழைத்து மாமன்றம் கூட்டியதும் இக்கவலையாலேயே.

அன்பர்களே, சிக்கோ மென்டிஸும் சகோதரி டொரத்தியும் கேட்டது ஒரே கேள்வி. அது மிக எளிய கேள்வி: "சாலை வருமுன், அதன் இருமருங்கும் உள்ள நிலம் யாருக்கு உரியது என்று எழுதிவிட்டீர்களா?" அவ்வுரிமையை எழுதிவிட்டுப் போட்ட சாலையில் மருத்துவரும் ஆசிரியரும் வருவார்கள். எழுதாமல் போட்ட சாலையில் அவர்களுக்கு முன்பாகத் துப்பாக்கி வந்துவிடுகிறது.

இன்றிரவு குடும்பச் செபத்துக்குப் பின் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள். பேறுகாலப் பெண்ணைக் கட்டிலில் சுமந்த கதையையும் கூடவே சொல்லுங்கள். இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளை, நாளை ஒரு திட்ட வரைபடத்தின் முன் அமர நேர்ந்தால், கோடு கிழிக்குமுன் அதன் இருபுறமும் யார் வாழ்கிறார்கள் என்று பார்க்கும்.